ப்ளஸ் ஒன்னில் பப்ளிக் எக்ஸாம் இல்லை... சொந்தமா ஒரு ஆய்வு செய்யலாமா?

ஜூன் மாசம் ஸ்கூல் திறக்கிற நேரத்துலதான் குற்றாலத்துல சாரலும் ஆரம்பிக்கும். தென்காசி வட்டாரத்து மாணவர்களுக்கு இது வருஷா வருஷம் நடக்கிற விஷயம். இப்போ அதோட புதுசா ஒண்ணு சேர்ந்திருக்கு. 2025 ஆகஸ்ட் 8-ம் தேதி வெளியான மாநிலக் கல்விக் கொள்கையோடு, ப்ளஸ் ஒன் பொதுத்தேர்வு போயாச்சு.

அந்தத் தேர்வு ஏன் வந்தது தெரியுமா? பல பள்ளிகள் ப்ளஸ் ஒன் பாடத்தைத் தொடாமலேயே ப்ளஸ் டூவுக்குத் தாவியதால்தான், 2017-ல் அதை அறிவிச்சாங்க. இப்போ தேர்வு இல்லைன்னதும் அதே பழைய ஓட்டம் திரும்பலாம். அதுக்கு நடுவுல, ஒரு டீச்சர் வந்து ``ஒரு ப்ராஜெக்ட் செய்றியா?''ன்னு கேட்டா என்ன சொல்றது?

மார்க் கிடைக்குமா?

நேரடியான பதில், கிடைக்காது. இன்ஜினீயரிங் கட்ஆஃப்ங்கிறது ப்ளஸ் டூ கணிதம், இயற்பியல், வேதியியல் மதிப்பெண். டாக்டர் சீட்டுக்கு நீட். நீங்க செஞ்ச ஆய்வு இந்த ரெண்டுலயும் சேராது. ``இதெல்லாம் எதுக்குடா?''ன்னு அப்பா கேட்டா, அந்தக் கேள்வியில நியாயம் இருக்கு. சர்ட்டிஃபிகேட்டுக்காக மட்டும்னா வேண்டாம்னு சொல்லிடுங்க. கடையில தெர்மாகோல் மாடல் வாங்கி வைக்கிறதுக்கு ரெண்டு மாசம் வீணாக்கத் தேவையில்லை.

அப்போ எப்போ `சரி' சொல்லலாம்? உங்க ஊர்ல விடை தெரியாத ஒரு கேள்வி இருந்து, அதுக்கான தகவலை நீங்களே சேகரிக்க முடியும்னா, அப்போ!

வாசல்லயே இருக்கு கேள்வி

2024 மே 17-ம் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம். குளிச்சிட்டிருந்தவங்க அலறி ஓட, 17 வயசுப் பையன் ஒருத்தன் அடிச்சிட்டுப் போய் இறந்துபோனான். மலைக்கு மேல பெய்யுற மழை, கீழே நிக்கிறவங்களுக்குத் தெரியாது. இதுதான் அருவியோட ஆபத்தே.

இதையே ஒரு ஆய்வாக்கலாம். `நம்ம பள்ளியில பெய்யுற மழைக்கும், அருவியில குளிக்கத் தடை விதிக்கிற நாளுக்கும் சம்பந்தம் இருக்கா?' ஒரு பிளாஸ்டிக் பாட்டிலின் மேல்பாகத்தை வெட்டித் தலைகீழா கவிழ்த்தா மழைமானி ரெடி. அடியில் கூழாங்கல் போட்டு, மட்டமாகிற வரை தண்ணி ஊத்தினா அதுதான் பூஜ்யக் கோடு. வானிலை ஆய்வு மையம் மழையைக் கணக்கிடுற அதே காலை 8.30 மணிக்கு நீங்களும் மில்லிமீட்டரில் குறிங்க. பக்கத்துலயே தடை அறிவிச்ச தேதிகளை எழுதுங்க. ஒரு சீசன் முழுக்க!

ரெண்டும் ஒத்துப்போகலைன்னா? அதுவும் விடைதான். `கீழே மழை இல்லை, அதனால அருவி பாதுகாப்பு'ன்னு நம்ப முடியாதுங்கிறதுக்கு உங்க நோட்டுப்புத்தகமே சாட்சி. ஆனா ஆத்துக்குள்ள இறங்கி அளக்கிற வேலை மட்டும் வேண்டாம். மொட்டை மாடி போதும்.

செங்கோட்டையைத் தாண்டினா வர்ற கேரளாவில் இது ஏற்கெனவே நடக்குது. கோட்டயம் மாவட்டத்தில் மீனச்சில் ஆற்றுப் படுகையில் மாணவர்களும் ஊர்க்காரங்களும் மழையை அளந்து பகிர்ந்துக்கிறாங்க. மேலே மழை அதிகம்னா கீழே இருக்கிறவங்க உஷாராகிடலாம். நம்ம திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரும் தெருவுல கரிப்பெட்டியில் இஸ்திரி போடுறவங்களைப் பார்த்துத்தான் சோலார் இஸ்திரி வண்டியை யோசிச்சாங்க. அது 2021-ல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டு மேடை வரைக்கும் அவங்களைக் கூட்டிட்டுப்போச்சு.

முடிவெடுக்க நாலு கேள்வி

* உங்க கேள்வியை ஒரே வரியில் சொல்ல முடியுதா?

* செலவும் நேரமும் கைக்குள் அடங்குமா? வாரம் மூணு மணி நேரத்துக்கு மேல போனா, கேள்வியைச் சுருக்குங்க.

* திருத்திச் சொல்ல ஒரு டீச்சர் இருக்காங்களா? அவங்களே எழுதித் தர்றதா சொன்னா, அது உங்க ஆய்வு இல்லை.

* எந்த வகுப்பு? ஒன்பதாவது, ப்ளஸ் ஒன்னா தைரியமா இறங்கலாம். பத்தாவது, ப்ளஸ் டூன்னா யோசிங்க.

செஞ்சதைக் காட்டவும் இடம் இருக்கு. 1993-ல் தொடங்கிய தேசிய குழந்தைகள் அறிவியல் மாநாடு, 10 முதல் 17 வயசு வரை உள்ளவங்களுக்கானது. தமிழ்நாட்டில் தமிழ்நாடு அறிவியல் இயக்கம் இதை ஒருங்கிணைக்குது. தமிழிலேயே ஆய்வைச் சமர்ப்பிக்கலாம்.

பரிசு வரலாம், வராமலும் போகலாம். ஆனா ஒரு சீசன் மழையை நாள் தவறாமல் அளந்து வச்ச கணக்கு உங்க பள்ளியில் இருந்தா, அடுத்த வருஷம் வர்ற ஜூனியர் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. மூணு, நாலு வருஷக் கணக்கு சேர்ந்தா, கலெக்டர் ஆபீஸ் வரைக்குமே கொண்டுபோய்க் காட்டலாம். கட்ஆஃப்ல சேராத அந்த எண்கள், ஒருநாள் ஒரு உயிரைக் காப்பாத்த உதவலாம்.