ஊதுறதை நிப்பாட்டுங்கோ

ரூஜ் பக்கப் பேஸ்மென்டுகளில இன்னும் பழைய நின்டெண்டோ கார்ட்ரிட்ஜுகள் கிடக்கு. வேலை செய்யாட்டி உடன ஊதுறம். ஊதினதால இல்ல, கழட்டித் திரும்பப் போட்டதாலதான் பின்கள் சரியா முட்டி வேலை செய்யுது. எச்சில் ஈரம் பின்களை அரிக்கும். ஊதவேண்டாம் எண்டு நின்டெண்டோவே சொன்னது. கியூ-டிப்பில 99% ஐசோபுரோபைல் அல்கஹோல் தொட்டுத் துடைச்சு, காயவிட்டுப் போடுங்கோ.

அழுக்கைத் துடைக்கலாம். பற்றரி செத்தால்தான் பிரச்சினை. 1998-ல இங்க வந்த 'போக்கிமொன் ரெட்'டில சேவ் ஃபைல் ஒரு சின்னப் பற்றரியிலதான் உயிரோட இருக்கு. அது முடிஞ்சா, அண்ணா பள்ளிக்கூடம் விட்டு வந்து பிடிச்சதெல்லாம் போச்சு. கேமைத் திரும்ப வாங்கலாம். அண்ணான்ர கேமை வாங்கேலாது. பற்றரியைக் கழட்டினாலும் அழியும். அதால கார்ட்ரிட்ஜ் ரீடரால முதல்ல சேவ் ஃபைலைக் கொம்பியூட்டருக்கு எடுங்கோ, பிறகு மாத்துங்கோ. போன் படங்களுக்கு மூண்டு பேக்கப் வைக்கிற எங்களுக்கு, இதுக்கு ஒண்டு வைக்கேலாதோ?