உரம் விழுந்ததா? உருட்டாதீர்கள்!

நசரத்பேட்டை, பூந்தமல்லியை அடுத்த ஊர். பெங்களூர் நெடுஞ்சாலையும் வெளிவட்டச் சாலையும் சந்திக்கும் இடம். இரவு பகலாக லாரிகள் ஓடுகின்றன. ஊர் எவ்வளவோ மாறிவிட்டது. ஆனால் பச்சைக் குழந்தை பால் குடிக்காமல் வீரிட்டு அழுதால், அங்கும் சரி, தமிழ்நாட்டின் மற்ற ஊர்களிலும் சரி, பாட்டிமார் சொல்லும் வார்த்தை மட்டும் மாறவில்லை.

"உரம் விழுந்திருக்கும். எடுத்தால் சரியாகிவிடும்."

உரம் என்றால் கழுத்திலோ தோளிலோ சுளுக்கு. உடனே பழைய புடவை வருகிறது. ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு, நடுவில் குழந்தையைப் போட்டு இப்படியும் அப்படியும் உருட்டுகிறார்கள். காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்குகிறவர்களும் உண்டு. குழந்தை அழுது களைத்துத் தூங்கிவிடுகிறது. "பார்த்தாயா, உரம் போய்விட்டது!" என்கிறார்கள்.

போனது உரமா, குழந்தையின் தெம்பா?

பாட்டி செய்வது பாசத்தினால்தான். சந்தேகமில்லை. ஆனால், குழந்தைக்குத் தலை நிற்கவே மூன்று நான்கு மாதம் ஆகும். அந்தக் கழுத்து உருட்டலைத் தாங்குமா?

படித்த நாட்டிலும் இதே கதை

இது நம் ஊர்ப் பழக்கம் மட்டும் அல்ல. அமெரிக்காவில் 1895-ஆம் ஆண்டு டி.டி. பால்மர் என்பவர் ஒரு வைத்திய முறையைத் தொடங்கினார். முதுகெலும்பைக் கையால் அழுத்திச் சரி செய்யும் முறை. பெயர், கைரோபிராக்டிக். பால் குடிக்காத குழந்தைகளையும் இவர்களிடம் தூக்கிக்கொண்டு போகும் பெற்றோர் மேல்நாடுகளில் உண்டு. பலன் உண்டு என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

ஆஸ்திரேலியாவில் என்ன நடந்தது தெரியுமா? இரண்டு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் முதுகெலும்பில் இந்த வைத்தியம் செய்யக் கூடாது என்று, அந்த வைத்தியர்களுக்கான வாரியமே 2019-இல் சொன்னது. 2023-இல் தடையைத் தளர்த்தினார்கள். சுகாதார மந்திரிகள் எதிர்த்தார்கள். 2024-இல் தடை திரும்பவும் வந்துவிட்டது. பட்டம் பெற்றவர்கள் கைக்கே அங்கே இவ்வளவு கட்டுப்பாடு! நம் வீட்டுக் கூடத்தில் கேட்பார் யார்?

கோளாறு எங்கே?

பெரும்பாலும் குழந்தையைப் பிடிக்கும் விதத்தில்தான். குழந்தையின் தலையும் உடம்பும் ஒரே நேராக, தாயின் வயிற்றோடு ஒட்டி இருக்க வேண்டும். வாயை அகலத் திறந்த பிறகே மார்பில் சேர்க்க வேண்டும். காம்பை மட்டும் கவ்வினால் பால் வராது. தாய்க்கு வலிதான் மிஞ்சும். காம்பைச் சுற்றியுள்ள கருமையான பகுதியும் வாய்க்குள் போக வேண்டும். முகவாய் மார்பில் பட வேண்டும். கீழ் உதடு வெளியே மடிந்திருக்க வேண்டும். அனுபவமுள்ள நர்ஸ் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தால் பல தாய்மார்களுக்குச் சீக்கிரமே பிடிபட்டுவிடும்.

"அவளுக்குப் பாலே இல்லை" என்று மருமகளை ஏசுவதும் நடக்கிறது. முதல் இரண்டு மூன்று நாள் சீம்பால் கொஞ்சமாகத்தான் சுரக்கும். குழந்தையின் சின்ன வயிற்றுக்கு அது பெரும்பாலும் போதும். அதற்குள் சர்க்கரைத் தண்ணீரும் புட்டிப்பாலும் கொடுத்தால் குழந்தை மார்பைத் தேடுவது குறையும். பாலும் குறையும். பிறகு ஏச்சு உண்மையாகிவிடும்!

சில குழந்தைகளுக்கு நாக்கின் அடியில் உள்ள சவ்வு இறுகி இருக்கும். சிலருக்குக் கழுத்துத் தசை இறுகித் தலை ஒரு பக்கமே சாயும். பாட்டி சொன்னதில் அந்த அளவுக்கு உண்மை உண்டு. ஆனால் அதற்கும் டாக்டர்தான் பார்த்து, மெதுவான பயிற்சி சொல்லித் தர வேண்டும். புடவை உதவாது.

உருட்டுவதில் இன்னொரு ஆபத்தும் உண்டு. நேரம் போய்விடுகிறது. பச்சைக் குழந்தை பாலை மறுப்பது உடம்பில் விஷக்கிருமி பரவுவதன் முதல் அடையாளமாகவும் இருக்கலாம். "நாளைக்கும் ஒரு தடவை உரம் எடுத்துப் பார்ப்போம்" என்று காத்திருந்தால் என்ன ஆகும்?

பிறந்து ஐந்து நாள் ஆன குழந்தை நாளுக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழிக்கிறதா என்று பாருங்கள். குறைந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். காய்ச்சலோ, உடம்பு சில்லிட்டிருப்பதோ, மூச்சு வாங்குவதோ, எழுப்பினாலும் எழாத தூக்கமோ இருந்தால், நடுநிசியானாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். பாட்டியும் கூடவே போகட்டும். குழந்தையை மடியில் வைத்துக்கொள்ள அவரைவிட நல்ல ஆள் யார்?