திரையும் நாமும்: ஒரு படத்து மனிதர் மறுபடத்தில்

படம் பார்த்துத் திரும்பும் நம் வீட்டுப் பிள்ளைகள் இப்போதெல்லாம் கதையைப் பற்றிப் பேசுவது குறைவு. "இவர் அந்தப் படத்தில் வந்தவரல்லவா?" என்று துப்புத் துலக்குவதே அவர்களுக்குப் பெரிய உற்சாகம். பெரியவர்களுக்கோ அப்பேச்சு புதிராகத் தோன்றுகிறது. அப்புதிரை இம்மாதம் சற்று அவிழ்த்துப் பார்ப்போம்.

டைரக்டர் லோகேஷ் கனகராஜ் 2019ஆம் ஆண்டு ‘கைதி’யையும், 2022இல் ‘விக்ரம்’ படத்தையும், 2023இல் ‘லியோ’வையும் வெளியிட்டார். முறையே கார்த்தி, கமல்ஹாசன், விஜய் ஆகியோர் கதாநாயகர்கள். கதைகள் வெவ்வேறு, ஆயினும் அவை நிகழும் உலகம் ஒன்றே. ‘கைதி’யில் போதைப் பொருளைக் கைப்பற்றிய இன்ஸ்பெக்டர் பிஜாய், ‘விக்ரம்’ படத்தில் மீண்டும் வருகிறார். இவராக நடித்த நரேன் நாம் வாழும் இக்கேரளத்தவர். ‘கைதி’யில் கண்ட கொடியோர் அடைக்கலமும் அன்பும், ‘விக்ரம்’ படத்தின் முடிவில் ரோலக்ஸ் என்னும் தலைவன்முன் நிற்கிறார்கள். அப்போதுதான் அவர்களுக்கும் மேலே ஒருவன் இருந்தது நமக்குத் தெரிகிறது. ‘லியோ’ முடியும் தறுவாயில் தொலைபேசியில் ஒலிப்பது விக்ரமின் குரல்.

இவற்றினும் என் மனத்தைக் கவர்ந்தவர் நெப்போலியன் என்னும் போலீஸ்காரர். திருச்சி கமிஷனர் அலுவலகத்துக்குப் புதிதாக மாற்றலாகி வந்தவர், சில கல்லூரி மாணவரைத் துணைக்கொண்டு அன்றிரவு முழுதும் அக்கட்டடத்தைக் காத்தார். அவரே ‘லியோ’வில் இமாசலப் பிரதேசத்தில் ஒரு குடும்பத்துக்குக் காவலாக வந்து நிற்கிறார். மாற்றலாகி ஊர்விட்டு ஊர் வந்த நம்மவர்க்கு அவரைக் கண்டதும் உறவினரைக் கண்டதுபோல் இருக்கும்! மகா வீரர்கள் சந்திப்பதைவிட, ஓர் எளிய மனிதர் கதைக்குக் கதை நடந்து செல்வதே அவ்வுலகை உண்மையென நம்ப வைக்கிறது.

இதில் ஓர் எல்லையும் உண்டு. ரயிலில் இணைப்பு வண்டிக்குப் போகிறவரும் இருப்பர். இடையிலேயே இறங்குகிறவரும் இருப்பர். இருவருக்கும் பயணம் நிறைவாக வேண்டும். ஒரே இரவில் நிகழும் ‘கைதி’ அத்தகையது; வேறெந்தப் படமும் பாராதவருக்கும் தந்தை மகளைக் காணத் துடிக்கும் துடிப்பு முழுமையாகப் புரியும். முன்கதை அறியாதவரைத் திகைக்க வைப்பது கலையாகாது. அடுத்த டிக்கெட்டுக்கு விரித்த வலையே ஆகும்.

இன்னொன்றும் கூற வேண்டும். பிள்ளைகள் அறியாத இணைப்புகள் பெரியவர்களிடம் உள்ளன. விக்ரம் என்னும் துப்பறிவாளர் 1986இலேயே, எழுத்தாளர் சுஜாதாவின் கதையில், கமல்ஹாசன் நடிக்கத் திரையில் தோன்றியவர். அவரே 36 ஆண்டுகளுக்குப்பின் நரைத்த தாடியுடன் திரும்பினார். அன்று படம் பார்த்த தந்தையர் இன்று அதை எடுத்துச் சொல்லலாமே!

அதற்கும் முன்னே செல்லுங்கள். கல்கி முதலில் ‘பார்த்திபன் கனவு’ எழுதினார். நரசிம்ம பல்லவர் அதில் பேரரசர். பின்னரே ‘சிவகாமியின் சபதம்’ எழுதி, அவருடைய இளமையைக் காட்டினார். முதல் நூலில் சிவபக்தராக வரும் சிறுத்தொண்டர், அடுத்ததில் வாதாபியை வென்ற தளபதி பரஞ்சோதியாக நிற்கிறார். பிரெஞ்சு நாட்டுப் பால்சாக்கும் தம் நாவல்களில் பாத்திரங்களை இவ்வாறே மீண்டும் மீண்டும் உலவவிட்டார்.

களமசேரியிலும் மட்டாஞ்சேரியிலும் வளரும் நம் பிள்ளைகளிற் பலர் தமிழ் பேசுவர். சரளமாகப் படிக்க அறியார். ஆனால் ஒரு பெயரைப் பற்றிக்கொண்டு மூன்று படங்களைத் தேடும் ஆவல் அவர்களுக்கு இருக்கிறது. அந்த ஆவலை வீணாக்கலாகாது. இரவு உணவுக்குப்பின் ‘பார்த்திபன் கனவி’ல் ஓர் அத்தியாயம் உரக்கப் படித்துக் காட்டுங்கள். சிறுத்தொண்டர் யார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அடுத்த நூலை அவர்களே கேட்டு வாங்குவார்கள். எழுத்துக்கூட்டியேனும் படிக்கத் தொடங்குவார்கள்.