ஊர் வாயும் அம்மா வாயும்

"உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா?" என்று பெரியவர்கள் சொல்வார்கள். வாஸ்தவம்தான். ஆனால் அந்த ஊர் வாய்க்கு முதல் பிடி அவல் எங்கேயிருந்து கிடைக்கிறது என்று யோசித்துப் பார்த்திருக்கிறீர்களா, சகோதரிகளே? பல சமயங்களில் நம் வீட்டுக்குள்ளிருந்தேதான் போகிறது. அதைப் பற்றித்தான் இந்த இதழில் கொஞ்சம் பேசலாமென்று நினைக்கிறேன். துணைக்கு இரண்டு கதாநாயகிகளை அழைத்து வந்திருக்கிறேன்.

முதலாமவள் அமெரிக்காக்காரி. பெயர் ஹெஸ்டர். நத்தானியேல் ஹாதார்ன் என்பவர் 1850-ல் எழுதிய 'தி ஸ்கார்லெட் லெட்டர்' என்ற நாவலின் நாயகி. கதை நடப்பது அதற்கும் இருநூறு வருஷம் முந்தைய பாஸ்டன் நகரத்தில். அங்கே இருந்தவர்கள் பியூரிட்டன்கள் என்ற, ரொம்பக் கண்டிப்பான கிறிஸ்தவப் பிரிவினர். புருஷன் கூட இல்லாத சமயத்தில் ஹெஸ்டருக்குக் குழந்தை பிறந்துவிடுகிறது. கைக்குழந்தையோடு அவளைச் சந்தையடி மேடையில் ஏற்றி, ஊரே பார்க்க நிற்க வைக்கிறார்கள். அவள் செய்த பாவத்துக்கு அடையாளமாக, சிவப்புத் துணியில் ஓர் எழுத்தை ஆயுசுக்கும் நெஞ்சில் அணிய வேண்டுமென்று தண்டனை. தகப்பன் யார் என்று எத்தனை கேட்டும் அவள் சொல்லவில்லை. அந்த மனிதரோ ஊரே கையெடுத்துக் கும்பிடும் பாதிரியார்! அவள் மேடையில் நிற்கிறாள். அவர் மரியாதையோடு இருக்கிறார். ஹெஸ்டர் தையல் வேலை செய்து குழந்தையை வளர்க்கிறாள். நோயாளிகளுக்கும் ஏழைகளுக்கும் ஓடி ஓடி உதவுகிறாள். கடைசியில், மனக்கஷ்டம் வந்த பெண்கள் அவளைத் தேடி வந்து யோசனை கேட்கும் அளவுக்கு உயர்ந்து விடுகிறாள்.

இரண்டாமவள் நம்மவள். ஜெயகாந்தன் 1966-ல் ஆனந்த விகடனில் எழுதிய 'அக்கினிப் பிரவேசம்' சிறுகதையில் வரும் கல்லூரிப் பெண். கொட்டுகிற மழையில் பஸ்ஸுக்குக் காத்து நிற்கிறாள். ஒருவன் காரை நிறுத்தி ஏறிக்கொள்ளச் சொல்கிறான். உலகம் தெரியாத பெண். ஏறி விடுகிறாள். அவளைக் கெடுத்து விட்டு வீட்டுப் பக்கத்தில் இறக்கி விட்டுப் போகிறான். அழுதுகொண்டே வந்து அம்மாவிடம் சொல்கிறாள். அம்மா ஒரு விதவை. குடியிருப்பது பல குடித்தனங்கள் உள்ள வீடு. அதிர்ச்சியில் மகளை அடித்து அலறி விடுகிறாள். சத்தம் கேட்டு, என்னவென்று விசாரிக்கிறார்கள். அந்த ஒரு நிமிஷம் இருக்கிறதே, அதுதான் கதையின் உயிர். பெண் மழையில் நனைந்து வந்து விட்டாள், அதற்குத்தான் திட்டுகிறேன் என்று சமாளித்து விடுகிறாள். பிறகு மகளை உட்கார வைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றி, உன்மேல் ஒரு களங்கமும் இல்லை என்று தேற்றுகிறாள்.

இந்தக் கதை வந்தபோது பெரிய சர்ச்சை எழுந்தது. சீதையைப் போலத் தீயில் இறங்காமல், ஒரு குடம் தண்ணீரில் ஒரு பெண் சுத்தமாகி விடுவாளா என்று கோபப்பட்டார்கள். ஜெயகாந்தன் சும்மா இருக்கவில்லை. 'அந்த அம்மா வேறு மாதிரி நடந்திருந்தால்?' என்ற கேள்வியை எடுத்துக்கொண்டு 'சில நேரங்களில் சில மனிதர்கள்' என்ற நாவலை எழுதினார். அதற்கு 1972-ல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. 1977-ல் பீம்சிங் இயக்கத்தில் சினிமாவாகவும் வந்தது. கங்காவாக நடித்த லட்சுமி தேசிய விருது வாங்கினார்.

நாவலில் அம்மா வாயை மூடவில்லை. அலறி அழுது ஊரைக் கூட்டி விடுகிறாள். அவ்வளவுதான். அண்ணன் வீட்டை விட்டே துரத்துகிறான். மாமா ஒருவர் ஆதரித்துப் படிக்க வைக்கிறார். ஆனால் அவர் பார்வையும் சரியில்லை. கங்கா படித்துப் பெரிய உத்தியோகத்துக்கு வருகிறாள். சம்பளம் இருக்கிறது, அந்தஸ்து இருக்கிறது. 'கெட்டுப் போனவள்' என்ற பெயரும் கூடவே இருக்கிறது. ஹெஸ்டருக்குத் துணியில் தைத்த எழுத்து. கங்காவுக்குக் கண்ணுக்குத் தெரியாத எழுத்து.

இரண்டு கதையிலும் நடந்த கெடுதல் ஒன்றேதான். அதே மழை, அதே கார், அதே ஆண். மாறியது அம்மாவின் வாய் மட்டும். அதனால் ஒருத்திக்கு வீடு நிலைத்தது; மற்றவளுக்கு வீடே போனது.

இதெல்லாம் கதைதானே என்று தள்ளிவிட முடியாது. நம் மதுரையில் வளவு வீடுகளில் குடியிருந்தவர்களுக்குத் தெரியும். நடுவில் ஒரு முற்றம், சுற்றிலும் ஆறேழு குடித்தனம், பொதுவாக ஒரு குழாய். இந்த வீட்டில் தாளிப்பது அந்த வீட்டில் மணக்கும். "ஏன் மதினி, ராத்திரி உங்க வீட்டுல ஒரே சத்தமா இருந்துச்சே?" என்று காலையில் குழாயடியில் கேள்வி வரும். நாம் வாய் தவறிச் சொல்லும் பதில், மேலமாசி வீதியிலிருந்து மேலூர் சம்பந்தி வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்து விடும். இப்போது குழாயடிக்குப் பதில் வாட்ஸ்அப் குரூப். பாஸ்டனில் மேடை கட்டி நிற்க வைத்தார்கள். நமக்கு மேடைகூடத் தேவையில்லை.

அப்படியானால் எல்லாவற்றையும் மூடி மறைக்கச் சொல்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லவே இல்லை. ஊரிடம் சொல்லாமல் இருப்பது வேறு, டாக்டரிடமும் போலீஸிடமும் சொல்லாமல் இருப்பது வேறு. முன்னது பெண்ணைக் காப்பாற்றும். பின்னது காரில் வந்தவனைத்தான் காப்பாற்றும்.

இன்றைக்கு ஒரு தாய் தெரிந்து வைத்திருக்க வேண்டியவை சில உண்டு. கதையில் வரும் அம்மா மகளின் மனசுக்காகத் தண்ணீர் ஊற்றினாள். நாம் ஆஸ்பத்திரிக்குப் போகும் முன் குளிப்பாட்டக் கூடாது. உடம்பிலும் உடையிலும் உள்ள தடயம் போய்விடும். மாற்றிய உடையைத் துவைக்காமல் காகிதப் பையில் போட்டு எடுத்துப் போக வேண்டும். கர்ப்பம் தரிக்காமல் தடுக்கும் மாத்திரையையும், எய்ட்ஸ் கிருமி தொற்றாமல் தடுக்கும் மருந்தையும் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது. நாள் கடந்து தெரிய வந்தாலும் டாக்டரிடம் காட்டத்தான் வேண்டும். நம் ராஜாஜி ஆஸ்பத்திரி போன்ற அரசு ஆஸ்பத்திரியானாலும் தனியார் ஆஸ்பத்திரியானாலும், இலவசமாக உடனே சிகிச்சை தர வேண்டும் என்பது சட்டம்.

பதினெட்டு வயது நிறையாத பிள்ளை என்றால் 2012-ல் வந்த போக்சோ சட்டம் துணைக்கு இருக்கிறது. பிள்ளையின் வாக்குமூலத்தை வீட்டுக்கே வந்து, சீருடை இல்லாமல் எழுதிக்கொள்ள வேண்டும் என்கிறது அந்தச் சட்டம். எந்த வயதானாலும், பாதிக்கப்பட்டவளின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவது குற்றம். என்ன செய்வதென்று புரியாவிட்டால் குழந்தைகளுக்கு 1098, பெண்களுக்கு 181 என்ற எண்ணில் கூப்பிடலாம்.

இவ்வளவும் நடக்க வேண்டுமானால், முதலில் பெண் நம்மிடம் வந்து சொல்ல வேண்டும். அந்த தைரியம் அன்றைக்குத் திடீரென்று வராது. பஸ்ஸில் ஒருவன் இடித்தான் என்று அவள் சொல்லும்போது "நீ ஏன்டி அங்க போய் நின்னே?" என்று கேட்கிறோமா, "வா, உக்காரு, என்ன நடந்துச்சு?" என்று கேட்கிறோமா என்பதில் அது தினம் தினம் வளர்கிறது. பையன்களைப் பெற்றவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. காரை ஓட்டி வந்தவனும் ஓர் அம்மா வளர்த்த பிள்ளைதானே?

அடுத்த தடவை குழாயடியில் வேறு யார் வீட்டுப் பெண்ணைப் பற்றியாவது பேச்சு வந்தால், "நமக்கெதுக்கு மதினி அந்தக் கதை?" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்து விடுங்கள். ஊர் வாயை மூட முடியாதுதான். நம் வாய் நம்மிடம் இருக்கிறதே!