ரத்தம் ஊறவில்லை என்றால் ஊசியைக் கூட்டுவதா?

காமர்ஸ் படிக்கிறவனுக்கு டயாலிசிஸில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இதில் பாதி மருத்துவம், மீதி வியாபாரம். அதனால்தான் வாயைத் திறக்கிறேன்.

சிறுநீரகம் கழிவை மட்டும் பிரிப்பதில்லை. எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனையும் சுரக்கிறது. 'சிவப்பணு செய்' என்று எலும்பு மஜ்ஜைக்கு ஆர்டர் போடுவது அதுதான். சிறுநீரகம் கெட்டால் ஆர்டர் குறையும், ரத்தசோகை வரும். 1989-ல் அமெரிக்காவில் இது ஊசிமருந்தாக வந்தது. பலருக்கு ரத்தம் ஏற்றும் தேவை குறைந்தது. நல்ல மருந்துதான், மறுக்கவில்லை.

ஆனால் சிலருக்கு எவ்வளவு போட்டாலும் ஹீமோகுளோபின் ஏறாது. 'இவருக்கு மருந்து கேட்கவில்லை' என்று சொல்லி டோஸைக் கூட்டுவார்கள். என் சண்டை இந்த ஒரு வரியோடுதான்!

மூலப்பொருள் இல்லாத ஃபேக்டரிக்கு ஆர்டரை இரட்டிப்பாக்கினால் உற்பத்தி கூடுமா? இங்கே மூலப்பொருள் இரும்புச்சத்து. ஒவ்வொரு டயாலிசிஸிலும் குழாயிலும் ஃபில்டரிலும் கொஞ்சம் ரத்தம் தங்கிப்போகிறது, கூடவே இரும்பும். சிலருக்கு இரும்பு இருந்தும் உதவாது. கதீட்டரில் தொற்று என்று வையுங்கள், உடலில் ஹெப்சிடின் கூடி கிடங்கைப் பூட்டிவிடும். ரிப்போர்ட்டில் ஃபெரிட்டின் நிறையத் தெரியும், மஜ்ஜையோ பட்டினி கிடக்கும். போதாத டயாலிசிஸ், பாராதைராய்டு மிகுதி, பி12 குறைவு... இவையும் காரணமாகலாம். தேடினால்தானே கிடைக்கும்?

ஏன் தேடவில்லை? இங்கேதான் என் பாடம் வருகிறது. அமெரிக்காவில் 2010 வரை மெடிகேர், போட்ட மருந்தின் அளவுக்கேற்ப தனியாகப் பணம் கொடுத்தது. கூடப் போட்டால் கூட வருமானம். காரணம் தேடினால்? இத்தனைக்கும் 1998-லேயே, இதயநோயும் உள்ள 1,233 டயாலிசிஸ் நோயாளிகளிடம் ரத்த அளவை இயல்பு நிலைக்கு ஏற்றிப் பார்த்த ஆய்வு, பலனில்லை என்று பாதியில் நிறுத்தப்பட்டிருந்தது. 2011 ஜனவரியில் எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம் என்றார்கள். டோஸ் இறங்கியது. மருந்தின் எச்சரிக்கை வாசகம் கடுமையானதும் ஒரு காரணம்தான். ஆனால் பணம் பேசவில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பிரிட்டனில் 2,141 பேரிடம் நடந்து 2019-ல் அச்சான ஆய்வில், தேவை வரும்வரை காத்திராமல் வரம்புக்குள் மாதாமாதம் இரும்பு ஏற்றினார்கள். எரித்ரோபாய்ட்டின் குறைவாகவே போதுமானதாக இருந்தது. மரணமும் மாரடைப்பு போன்ற ஆபத்துகளும் சேர்ந்த கணக்கும் குறைந்தது.

எனவே யார் வீட்டிலாவது டோஸ் ஏறினால் டாக்டரிடம் கேளுங்கள்: இரும்பு பார்த்தாச்சா? தொற்று பார்த்தாச்சா? டயாலிசிஸ் போதுமா? பதில் இல்லாமல் ஏறும் ஊசி, சிகிச்சை அல்ல... பில்.