ஃபில் முடிந்த பிறகு என்ன?

இன்ஸ்டாகிராமில் வரும் டிரம்ஸ் வீடியோக்களைக் கவனியுங்கள். ஸ்நேரில் தொடங்கி, டாம்களில் உருண்டு, கிராஷில் ஓங்கி ஒரு அடி. அத்தோடு வீடியோ முடிந்துவிடும். கீழே வரிசையாக நெருப்பு எமோஜி. எனக்கு வேண்டியது அதற்கு அடுத்த பார். அந்த கிராஷ் உரிய இடத்தில்தான் விழுந்ததா என்பது க்ரூவ் மறுபடி தொடரும்போதுதான் அம்பலமாகும். அதைத்தான் கச்சிதமாக வெட்டிவிடுகிறார்கள்.

இந்த வெட்டு இப்போது வகுப்பறைக்குள்ளும் வந்துவிட்டது. ஒரு பீட்டைப் பாட்டு முழுக்கப் பிடித்து நிறுத்தத் தெரியாத பையனுக்கு வாரம் ஒரு புது ஃபில். வீட்டில் வாசித்துக் காட்டினால் "நல்லா அடிக்கிறான்ப்பா" என்கிறார்கள். அடுத்த மாதக் கட்டணமும் வந்துவிடுகிறது. இதைக் கற்பித்தல் என்று என்னால் ஒப்புக்கொள்ள முடியாது. இப்படி நாற்பது ஃபில் சேர்த்துக்கொண்டு ஒத்திகைக்கு வந்தவர்களோடு நான் பேஸ் கித்தார் வாசித்திருக்கிறேன். ஒவ்வொரு நான்காவது பாரிலும் அவர்கள் எங்களைவிட அரை அடி முன்னால் போய் நிற்பார்கள். பாடுகிறவர் மூச்சை எங்கே எடுப்பது?

ஏன் ஓடுகிறார்கள்? சாதாரண ராக் பீட்டில் ஹை-ஹாட் ஒரு பாருக்கு எட்டு அடி. ஃபில்லில் ஸ்நேர், சின்ன டாம், நடு டாம், ஃப்ளோர் டாம் என்று நந்நான்காகப் பதினாறு அடி. கையின் வேலை ஒரே நொடியில் இரட்டிப்பாகிறது. அதுவரை நேரம் காட்டிக்கொண்டிருந்த ஹை-ஹாட்டும் கிக்கும் அதே சமயத்தில் நின்றுவிடுகின்றன. கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டு ஓடச் சொன்னால் யாராக இருந்தாலும் வேகமாகத்தான் ஓடுவார்கள்.

இதற்கான பயிற்சி ஒன்றும் ரகசியம் இல்லை. மெட்ரோனோமை 60-இல் வையுங்கள். ஒரு பார் நான்கு நொடி. மூன்று பார் க்ரூவ் வாசியுங்கள். நான்காவது பாரில் கையைத் தூக்கிவிட்டு, இடதுகாலால் ஹை-ஹாட் பெடலை மட்டும் பீட்டுக்கு ஒருமுறை மிதியுங்கள். பிறகு சரியாக ஒன்றில் வந்து இறங்குங்கள். என்னைக் கேட்டால், முதலில் கற்க வேண்டிய ஃபில் இந்த மௌனம்தான். அது நின்ற பிறகு கடைசி பீட்டில் மட்டும் நான்கு அடி. அப்புறம் அரை பார். அப்புறம் முழு பார். வாய் 'தகதிமி' சொல்லிக்கொண்டே இருக்கட்டும். கடைசியாக, நான்காவது பாரில் மட்டும் மெட்ரோனோம் ஊமையாகும்படி வைத்துப் பாருங்கள். அது திரும்பி வரும்போது நீங்கள் அங்கே இருக்கிறீர்களா?

"மெட்ரோனோம் வச்சா ஃபீல் செத்துடும் பாஸ்" என்பார்கள். கிளிக் இல்லாமல் பதிவான எத்தனையோ நல்ல பாட்டுகளில் வேகம் ஏறி இறங்கத்தான் செய்கிறது. ஆனால் அங்கே மொத்த பேண்டும் சேர்ந்து ஏறுகிறது. மற்றவர்களை விட்டுவிட்டு ஒருவர் மட்டும் ஓடுவதற்குப் பெயர் ஃபீல் இல்லை.

ஃபில்லுக்கு உதாரணமாக எல்லோரும் காட்டுவது ஃபில் காலின்ஸின் 1981ஆம் ஆண்டுப் பாட்டு 'இன் தி ஏர் டுநைட்'. அந்தப் புகழ்பெற்ற உருட்டல் வருவதற்கு முன் மூன்றரை நிமிடத்துக்கு மேல் காக்கவைக்கிறார். டிரம் மெஷின் அடக்கமாகத் தட்டிக்கொண்டே இருக்கிறது. உருட்டல் முடிந்ததும் பெரிய பீட் ஒன்று உட்கார்ந்துகொள்கிறது. முன்னும் பின்னும் இருப்பதை எடுத்துவிட்டால் அது நாலு டாம் சத்தம், அவ்வளவுதான்.

இன்னொரு உதாரணம் ஜேம்ஸ் பிரவுனின் 'ஃபங்கி டிரம்மர்'. 1969-இல் பதிவாகி 1970-இல் வெளிவந்தது. டிரம்ஸ் தனியாக வரும் இடத்துக்கு முன்னால் கிளைட் ஸ்டபிள்ஃபீல்டிடம் பிரவுன் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: சோலோ வேண்டாம், வாசிப்பதையே வாசி. அவரும் எட்டு பார் அதையே வாசித்தார். ஹிப்-ஹாப்பில் மிக அதிகமாக எடுத்தாளப்பட்ட துண்டுகளில் அதுவும் ஒன்று. அதில் மெனக்கெட்ட ஃபில் எதுவும் இல்லை.

நமக்கு இது புதிதும் இல்லை. மிருதங்கக்காரர் தீர்மானத்தை மூன்று முறை வைத்து சமத்திலோ எடுப்பிலோ கொண்டுவந்து சேர்க்கும்போது, முன்வரிசையில் தாளம் போடுகிற கை அவரைச் சோதித்துக்கொண்டிருக்கிறது. கோர்வை எவ்வளவு சிக்கலானது என்பதெல்லாம் பிறகு. வந்து சேர்ந்தாரா, அதுதான் முதல் கேள்வி.

ஃபில் என்பது மற்றவர்களிடம் வாங்கும் கடன். "இந்த நான்கு பீட்டுக்கு நேரத்தை நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள், வந்துவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டுப் போவது. சொன்ன இடத்துக்கு வராதவனை எத்தனை முறை நம்புவார்கள்? ஆகவே அடுத்த வகுப்பில் புது ஃபில் கேட்காதீர்கள். தெரிந்த ஒன்றை ஒரு பாட்டு முழுக்க வாசித்து, பதிவு செய்து, ஃபில்லுக்கு அடுத்த பாரை மட்டும் திரும்பத் திரும்பக் கேளுங்கள்.