உரிமை இரந்து பெறுவதன்று!



திருப்பெரும்புதூர், சுங்குவார்சத்திரம், ஒரகடம் எனத் தொடரும் ஆலைவெளி, நேற்றுவரை தமிழன் உழுத நிலம். இன்று அதே நிலத்தில் அவன் கூலியாள். அக்கூலியாள் தன் தோழரோடு கூடிச் சங்கம் அமைக்க முனைந்தபோது, தமிழின் பெயரால் ஆட்சி ஏறினோர் செய்தது யாது?

சாம்சங்கு ஆலைத் தொழிலாளர் 2024ஆம் ஆண்டின் நடுவில் தம் சங்கத்தைப் பதிவு செய்ய விண்ணப்பித்தனர். பதிவு கிட்டவில்லை. செபுதம்பர் 9ஆம் நாள் ஆயிரவர்க்கு மேற்பட்டோர் வேலையை நிறுத்தினர். 37 நாள் அப்போராட்டம் நீடித்தது. அகுதோபரில் காவல்துறை அவர்தம் பந்தலை அகற்றியது, பலரைத் தளைப்படுத்தியது.

குழுமம் கூறிய தடை என்ன? தன் பெயரைச் சங்கம் தாங்கலாகாதாம்! தொழிலாளி செய்யும் குளிர்ப்பெட்டியில் அப்பெயர் இருக்கலாம். அவன் அணியும் சட்டையில் இருக்கலாம். அவன் சங்கத்தில் மட்டும் இருத்தல் கூடாது! இதைக் கேட்டு நகைத்துத் தள்ளியிருக்க வேண்டிய அரசு, "வழக்கு மன்றத்தில் உள்ளது" என்று கைவிரித்தது. அவ்வழக்கில் விடை சொல்ல வேண்டியவரே அரசின் பதிவாளர்தாம் என்பதை எவரிடம் மறைத்தனர்?

சங்கம் அமைக்கும் உரிமை அரசமைப்பின் 19ஆம் கூறு தந்த அடிப்படை உரிமை. அன்று நடப்பிலிருந்த 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி, வேண்டிய உறுப்பினரும் விதிகளும் உளவா என்று நோக்குவதே பதிவாளர் பணி. ஆயினும் 2024 திசம்பரில் சென்னை உயர் அறமன்றம், ஆறு கிழமைக்குள் முடிவெடுக்க ஆணையிட வேண்டியதாயிற்று. 2025 சனவரி 27இல்தான் பதிவு கிட்டியது. மன்றம் ஏறினால்தான் கிடைக்கும் என்றால், அதன் பெயர் உரிமையா, பிச்சையா?

"முதலீடு ஓடிவிடும்" என்பார் சிலர். அக்குழுமத்தின் தாய்நாடான தென்கொரியாவில், அதன் தொழிலாளர் 2024 சூலையில் சங்கமாய்த் திரண்டு வேலைநிறுத்தம் செய்தனர். கொரியனுக்கு உள்ள உரிமை தமிழனுக்கு மட்டும் நஞ்சோ?

இது புதுக்கதையன்று. 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. பின்னி ஆலை முதலாளிகள் அதன் தலைவர்களுக்கு எதிராக இதே உயர் அறமன்றத்தில் தடையாணை பெற்றனர். அக்கொடுமையே 1926ஆம் ஆண்டுச் சட்டம் பிறக்கத் தூண்டுகோலாயிற்று. அச்சட்டமும் இன்றில்லை. 2025 நவம்பர் 21 முதல் நடுவணரசின் தொழிலுறவுத் தொகுப்பு நடப்புக்கு வந்துவிட்டது. 14 நாள் முன்னறிவிப்பின்றி எவ்வாலையிலும் வேலைநிறுத்தம் கூடாது என்கிறது அது. சென்னையில் முளைத்த உரிமையைத் தில்லி தன் விருப்பப்படி கத்தரிக்கிறது.

இன்னுமொரு கொடுமை கேளுங்கள். தொழிலாளியின் வாழ்வை முடிவுசெய்யும் அவ்வழக்கு எம்மொழியில் நடந்தது? ஆங்கிலத்தில்! கண்ணகி பாண்டியன் அவையில் தன் மொழியில் வழக்குரைத்தாள். மன்னனும் அம்மொழியிலேயே கேட்டான். தன் பிழை உணர்ந்தான். இன்றைய தமிழனோ தன் வழக்கின் தீர்ப்பையே பிறர் பெயர்த்துச் சொல்லக் கேட்டறிகிறான். அரசமைப்பின் 348(2)ஆம் கூற்றின்வழி இராசத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் உயர் மன்றங்களில் இந்தி புகுந்தது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006இல் அதையே தமிழுக்குக் கேட்டது. தில்லி மறுத்தது. இந்திக்குத் திறந்த கதவு தமிழுக்கு மூடியதேன்?

ஆகவே நம் வேண்டுகை மூன்று. சங்கப் பதிவுக்குச் சட்டத்திலேயே நாட்கெடு வேண்டும். தொழிலாளர் சட்டம் இயற்றும் முழு அதிகாரம் தமிழ்நாட்டிற்கு வேண்டும். உயர் அறமன்றத்தில் தமிழ் ஒலிக்க வேண்டும். கூலிக்குப் போராடுவோரும் மொழிக்குப் போராடுவோரும் வேறு வேறு அணியினர் அல்லர். இருவர் வாயையும் அடைப்பது ஒரே கை. இதனை ஆலைவாயில்தோறும் சென்று உரைப்போம், எழுமின்!